தரங்கம்பாடியில் அப்பா

போன மாசம் திருக்கடையூர்ல மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூர் அறுபதாம் கல்யாணம் எப்படி இருக்கும்னு போய்ப் பார்த்தவங்களுக்குத் தெரியும். பிரகாரத்துல ஒரே நேரத்தில் பத்துப் பதினைஞ்சு ஜோடி, அத்தனை ஹோமப் புகை, அத்தனை போட்டோகிராபர். நம்ம மாமா எங்க உட்கார்ந்திருக்கார்னு தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள தாலி கட்டி முடிஞ்சிருக்கும். இந்த விசேஷத்துக்குப் பத்திரிகை டிசைன் பண்ணினது அடியேன்தான். கம்ப்யூட்டர்ல ராத்திரி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து போட்டு, கொஞ்சம் அச்சடிச்சு, மத்தவங்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பியாச்சு. "பிரமாதம்"னு எல்லாரும் சொன்னாங்க. அப்பா மட்டும் ஒண்ணும் சொல்லலை. அவர் எப்பவுமே அப்படித்தான்.

பதினொன்றரைக்கெல்லாம் பந்தி முடிஞ்சு வெத்தலை போட்டாச்சு. சாயங்காலம் வரைக்கும் வேலை இல்லை. மண்டபத்துத் திண்ணையில உட்கார்ந்திருந்த அப்பா திடீர்னு கேட்டார்.

"இங்கேர்ந்து தரங்கம்பாடி கிட்டதானே? போயிட்டு வரலாமா?"

எனக்கு ஆச்சரியம். அப்பாவுக்கு 74 வயசு. எங்கேயாவது கூட்டிட்டுப் போகச் சொல்லி அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டதே பெருசுன்னு உடனே வண்டியை எடுத்துட்டேன்.

வழியில் ரயில் கதை சொன்னார். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926ல் ரயில் பாதை போட்டாங்க. 1986ல் நிறுத்திட்டாங்க. அப்பா சின்னப் பையனா இருந்தப்ப அந்த வண்டியில் தாத்தாவோட போய் கடல் பார்த்திருக்கார். "உங்க தாத்தா கோட்டைக்குள்ள கூட்டிட்டுப் போகலை. அதெல்லாம் ஆபீசருங்க தங்குற இடம்னு சொல்லிட்டாரு" என்றார். தாத்தா சொன்னது சரிதான். 1978ல் தொல்லியல் துறை கையில் எடுக்கிற வரைக்கும் டேனிஷ் கோட்டை பயணியர் விடுதியாத்தான் இருந்திருக்கு. ஆக, அறுபது வருஷத்துக்கு மேல பாக்கி இருந்த ஆசை.

1792ல் கட்டின நுழைவாயில். அதைத் தாண்டினா நேரா ராஜா வீதி. ரெண்டு பக்கமும் தேவாலயங்கள், தூண் வைச்ச பழைய வீடுகள். கடைசியில் ஒரு பெரிய மைதானம், கோட்டை, அதுக்கு அப்பால் கடல். நம்ம ஊர்த் தெருதான், ஆனா யாரோ வேற ஊர்லேர்ந்து கொண்டுவந்து வைச்ச மாதிரி ஒரு அமைதி.

கோட்டைக்கு டான்ஸ்போர்க்னு பேர். 1620ல் ஓவே ஜெட்டேன்னு ஒரு டேனிஷ் தளபதி கப்பல்ல வந்து, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி ஆரம்பிச்சது. மிளகு வியாபாரத்துக்காகத்தான். இருநூறு வருஷத்துக்கு மேல வைச்சிருந்துட்டு, வியாபாரம் படுத்துப் போய், 1845ல் வங்காளத்து சேரம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டுப் போயிட்டாங்க. இப்ப அதே கோட்டைக்குள்ளதான் அருங்காட்சியகம். பீங்கான் சாமான், வாள், ஈட்டி, பழைய வரைபடம், பத்திரங்கள்னு வைச்சிருக்காங்க. ஒரு சின்ன ஊரோட கதையை அந்த ஊர்ச் சுவருக்குள்ளேயே வைச்சுப் பார்க்கிறதுல ஒரு சுகம் இருக்கு. ஜன்னல் வழியா கடல் காத்து வருது. அந்தக் கடல் வழியாத்தான் இதெல்லாம் வந்திருக்கு.

அப்பா கையைப் பின்னால கட்டிக்கிட்டு, ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி முன்னாலயும் நின்னு, எழுதியிருக்கிறதை முழுக்கப் படிச்சுட்டுத்தான் அடுத்ததுக்கு நகர்ந்தார். கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி வேகமா போயிட்டிருந்தவங்க எல்லாம் எங்களைத் தாண்டிப் போயிட்டாங்க.

கீழ் அறைகளைப் பார்க்கும்போது எனக்குத் தெரிஞ்ச ஒரு கதையைச் சொன்னேன். 1706 ஜூலையில் சீகன்பால்குன்னு ஒரு ஜெர்மன் பாதிரியார் இந்த ஊர்ல வந்து இறங்கினார். வயசு 24. மண்ணுல விரலால எழுதிப் பழகுற சின்னப் பசங்களோட உட்கார்ந்து தமிழ் எழுத்து கத்துக்கிட்டவர். அவருக்கும் கோட்டைத் தளபதிக்கும் ஒத்துப் போகலை. 1708 கடைசியில் பிடிச்சு இந்தக் கோட்டைக்குள்ளேயே நாலு மாசம் அடைச்சு வைச்சுட்டாங்க. அனுப்பி வைச்சது டென்மார்க் ராஜா, அடைச்சு வைச்சது டென்மார்க் ராஜாவோட ஆள்!

"தமிழ்ல முதல்ல அச்சடிச்சது அவர்தானே?" என்றார் அப்பா.

"முதல்ல இல்லப்பா. அதுக்கு முன்னாடியே 1578ல் கொல்லத்துல தம்பிரான் வணக்கம் அடிச்சுட்டாங்க. ஆனா இங்க வந்த அச்சுக்கூடம்தான் நின்னு ஓடினது. அவர் இருந்த வீட்டையும் இப்ப மியூசியமா வைச்சிருக்காங்க. பக்கத்துலதான்."

அப்பா உடனே கிளம்பிட்டார். எனக்கு அப்பதான் புரிஞ்சுது. அவர் வந்தது கோட்டைக்காக இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாகணும். அப்பா கம்பாசிட்டர். அச்சுக்கூடத்துல எழுத்து கோர்க்கிறவர். பதினாலு வயசுல வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், எலெக்‌ஷன் நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர், கருமாதி கார்டு… எங்க ஊர்ல முப்பது வருஷத்துக்கு நடந்த நல்லது கெட்டது எல்லாம் அவர் விரல் வழியாத்தான் போயிருக்கு. கையில் எப்பவும் மை. சோறு பிசையும்போது நகக்கண்ணுல கறுப்பா தெரியும். ஸ்கூல்ல பசங்க கேலி பண்ணுவாங்க. நான் அப்பாவை ஸ்கூலுக்கு வர வேண்டாம்னு சொன்ன நாளெல்லாம் உண்டு.

1996ல் நான் டி.டி.பி. படிச்சேன். பேஜ்மேக்கர், ரெண்டு தமிழ் ஃபாண்ட், மூணு மாச கோர்ஸ். அப்பாவோட முதலாளியும் அதே வருஷம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதுல உட்கார ஆள் தேடினப்ப, "உங்க பையன்தான் படிக்கிறானே"ன்னு அப்பாகிட்டயே கேட்டார். அப்பாவே என்னைக் கூட்டிட்டுப் போய் உட்கார வைச்சார்.

முதல் நாள் எனக்குக் கொடுத்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. அரை மணி நேரத்துல முடிச்சேன். முடிச்சுட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னேன், "இதுக்குப் போய் எங்கப்பா ஒரு நாள் எடுத்துப்பார்." மெஷின்மேன் சிரிச்சார். முதலாளி சிரிச்சார். அப்பா கேஸ் பக்கத்துல நின்னு எழுத்து பிரிச்சுப் போட்டுக்கிட்டிருந்தார். திரும்பிப் பார்க்கலை.

எனக்கு 19 வயசு அப்ப. அந்த வயசைச் சாக்குச் சொல்லி எத்தனையோ தடவை என்னை நானே சமாதானப்படுத்திக்கிட்டிருக்கேன். ஆகலை.

அதுக்கப்புறம் எட்டு மாசம் அப்பா அங்கேயே பாதிச் சம்பளத்துல புரூஃப் பார்த்தார். நான் அடிச்சதை அவர் திருத்துவார். 'ர'வுக்கும் 'ற'வுக்கும் எனக்கு அப்பவே தகராறு. சிவப்பு மையில் சுழிச்சு, ஓரத்துக்குக் கோடு இழுத்து, சரியான எழுத்தை எழுதிக் கொடுப்பார். திட்ட மாட்டார். அப்புறம் கேஸ், எழுத்து எல்லாத்தையும் கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போட்டாங்க. அப்பாவும் நின்னுட்டார். ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதப் போனார். அச்சுக்கூடத்தைப் பத்தி வீட்டுல அதுக்கப்புறம் பேச்சே கிடையாது. நானும் கேட்டதில்லை.

இப்ப சீகன்பால்கு வீடு. ஜெர்மனியில ஹாலே நகரத்துல இருக்கிற ஃப்ராங்கே அறக்கட்டளைக்காரங்க சேர்ந்து பழுது பார்த்து, 2017ல் அருங்காட்சியகமா திறந்திருக்காங்க. பழைய ஓட்டு வீடு, தடிமனான சுவர், உள்ளே நுழைஞ்சதுமே குளுகுளுன்னு இருக்கு.

சீகன்பால்கு பத்தி எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. மதம் மாத்த வந்தவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா வந்த ரெண்டு வருஷத்துக்குள்ள ஊர் ஊரா ஆள் அனுப்பி ஓலைச் சுவடி வாங்கிச் சேர்த்திருக்கார். தான் சேர்த்த தமிழ்ப் புத்தகங்களுக்கு 1708லேயே ஒரு பட்டியல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நம்ம சாமிகளைப் பத்தி 1713ல் ஒரு புத்தகமே எழுதினார். 'உன்னை அனுப்பினது இதுக்கா'ன்னு ஹாலேயில் அதை அச்சுப் போடாம வைச்சுட்டாங்க. 1867ல்தான் மெட்ராஸ்ல வெளியாச்சு. எழுதினவர் செத்து 148 வருஷம் கழிச்சு. அவர் செத்தது 36 வயசுல, 1719ல், இதே ஊர்ல. தானே கட்டின புது எருசலேம் தேவாலயத்துக்குள்ளதான் புதைச்சிருக்காங்க.

அச்சு மெஷின் வந்த கதை அதைவிட சுவாரசியம். லண்டன்லேர்ந்து 1711ல் கப்பல் ஏத்தினாங்க. மெஷினோட ஜோனாஸ் ஃபிங்க்னு ஒரு அச்சுத் தொழிலாளியும் வந்தார். பிரேசில் கிட்ட பிரெஞ்சுக்காரங்க கப்பலைப் பிடிச்சுட்டாங்க. ஒரு வழியா விடுவிச்சு, கப்பல் கிளம்பி, நடுவழியில் ஃபிங்க் செத்துப் போயிட்டார். 1712ல் மெஷின் மட்டும் வந்து சேர்ந்துது. ஓட்ட ஆள் இல்லை! கடைசியில் டேனிஷ் கம்பெனியில் சிப்பாயா இருந்த ஒருத்தருக்கு அச்சுத் தொழில் தெரியும்னு கண்டுபிடிச்சு, அவரை வைச்சு ஓட்டியிருக்காங்க. அடுத்த வருஷம் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்து வந்துது. வந்த எழுத்து ரொம்பப் பெருசு. அதுல அடிச்சா காகிதம் கட்டுப்படி ஆகாது. காகிதமோ கப்பல்லதான் வரணும். அதனால இங்கேயே சின்ன எழுத்து வார்த்தாங்க. ஈயத்துக்கு என்ன பண்றது? இங்கிலாந்துலேர்ந்து சீஸ் வந்த ஈயப் பெட்டிகளை உருக்கி வார்த்தாங்கன்னு சொல்றாங்க. அப்படி அடிச்சதுதான் 1714லும் 1715லும் வந்த தமிழ் புதிய ஏற்பாடு. பக்கத்துல பொறையாறுல ஒரு காகித ஆலைகூட போட்டுப் பார்த்தாங்க.

நான் இதெல்லாம் சொல்லிட்டே வந்தேன். அப்பா 'ம்' கொட்டிட்டே வந்தார். அங்கே வைச்சிருக்கிற பழைய அச்சு மெஷின் முன்னால வந்ததும் நின்னுட்டார்.

பின்னால கட்டியிருந்த கை முன்னால வந்துது. தொடலை. ஆனா வலது கை விரல் மூணும் தானா அசைஞ்சுது. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல். எழுத்தை எடுக்கிறது, திருப்பிப் பார்க்கிறது, வைக்கிறது. அவருக்கே தெரிஞ்சுதான்னு எனக்குச் சந்தேகம்.

ரொம்ப நேரம் கழிச்சுக் கேட்டார், "கொண்டாந்தவர் பேரு இருக்கு. ஓட்டினவர் கதை இருக்கு. எழுத்து கோர்த்தது யாரு?"

என்கிட்ட பதில் இல்லை.

அந்த நேரத்துல ரெண்டு காலேஜ் பொண்ணுங்க மெஷின் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்தாங்க. அதுல ஒரு பொண்ணு அப்பாவைப் பார்த்து, "தாத்தா, இதுல எப்படி அடிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டுடுச்சு.

அவ்வளவுதான். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல மூடியிருந்த வாய் திறந்துது.

எழுத்தெல்லாம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி திரும்பி இருக்கும். அதைத் தலைகீழா வைச்சு, இடமிருந்து வலமா படிச்சுப் பழகணும். இங்கிலீஷுக்கு எழுத்து கொஞ்சம், தமிழுக்கு அப்படி இல்லை. கு, கூ, சு, சூ, டு, டூ எல்லாம் தனித்தனி அறை. எந்த அறையில எந்த எழுத்துன்னு பார்க்கக் கூடாது, கை தானா போகணும். இடது கையில ஸ்டிக்கைப் பிடிச்சு ஒவ்வொண்ணா கோர்த்து, வரி சேர்ந்ததும் கேலியில் இறக்கி, நூல் கட்டி, புரூஃப் எடுத்து, திருத்தி, பாரம் முடுக்கி மெஷின்ல ஏத்தணும். அடிச்சு முடிச்ச பிறகு விட்டுட முடியாது. ஒவ்வொரு எழுத்தையும் பிரிச்சு அதது அறையில போடணும். "கோர்க்கிறதைவிட பிரிக்கிறதுதாம்மா முக்கியம். ஒரு எழுத்து அறை மாறி விழுந்துதுன்னா, அடுத்த வேலையில எவன் வீட்டுக் கல்யாணத்துலயோ தப்பு வந்துடும்."

1978ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்தம் வந்த கதையையும் சொன்னார். தும்பிக்கை வைச்ச லை, ளை, னை, ணை, சுழிச்சு எழுதுற றா, னா, ணா எல்லாம் போச்சு. மொத்தம் 13 எழுத்து. "முதலாளி ஒரே ராத்திரியில அதையெல்லாம் கேஸ்லேர்ந்து பொறுக்கச் சொல்லிட்டாரு. ஒரு வருஷம் வரைக்கும் கை பழைய அறைக்கே போகும். காலி அறையில விரல் போய் இடிக்கும்."

அந்தப் பொண்ணுங்க செல்ஃபியை மறந்துட்டு வாயைப் பிளந்து கேட்டுக்கிட்டிருந்தாங்க. பின்னால இன்னும் நாலஞ்சு பேர் சேர்ந்துட்டாங்க. இருபது நிமிஷம். எனக்கும் பாதி விஷயம் புதுசு. அதே அச்சுக்கூடத்துல அப்பா பக்கத்துலயே உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான்! ஒரு நாளும் கேட்கத் தோணலை.

வெளியே வந்து கடற்கரைக்கு நடந்தோம். 1306ல் குலசேகர பாண்டியன் காலத்துல கட்டின மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் பெரும்பாலும் தின்னுடுச்சு. 2004 டிசம்பர்ல சுனாமி வந்து போன கரை. இப்ப அலைக்குக் கல் கொட்டி வைச்சிருக்காங்க. ஒரு மீனவர் நிழல்ல உட்கார்ந்து வலை பின்னிக்கிட்டிருந்தார். வலையோரத்துல ஈயக்குண்டு. அப்பா குனிஞ்சு அதை ஒரு கையில எடுத்து எடை பார்க்கிற மாதிரி பிடிச்சார்.

"நம்ம எழுத்தை வாங்கின கடைக்காரர், வலைக்குக் குண்டு வார்க்கிறவங்க வாங்கிப்பாங்கன்னு சொன்னார்" என்றார்.

மீனவருக்குப் புரியலை, சும்மா சிரிச்சார். அப்பாவும் சிரிச்சுட்டு வைச்சுட்டார்.

அங்கேயே கல்லு மேல உட்கார்ந்தோம். இப்ப கேட்கலைன்னா எப்பவும் கேட்க மாட்டேன்னு தோணிச்சு.

"அப்பா, அன்னிக்கு முதல் நாள் நான் சொன்னது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"எது? அரை மணி நேரம், ஒரு நாளா?"

அப்படியே வார்த்தை மாறாம ஞாபகம் இருக்கு. எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு.

"உங்க வேலையை நான்தான்…"

"உளறாதடா" என்றார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் வர்றது வந்துதான் இருக்கும். நீ உட்காரலைன்னா வேற எவனாவது உட்கார்ந்திருப்பான். வேற எவனோ அடிச்சதுக்கு எட்டு மாசம் நின்னு நான் புரூஃப் பார்த்திருப்பேனா? அன்னிக்கே துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வந்திருப்பேன்."

அப்புறம், "நீ சொன்னது வலிச்சுதுதான். இல்லைன்னு சொன்னா பொய்" என்றார்.

நான் ஒண்ணும் சொல்லலை. சொல்ல என்ன இருக்கு?

திரும்பி வண்டிக்கு நடக்கும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு மடிச்ச காகிதத்தை எடுத்து நீட்டினார். மாமா விசேஷத்துப் பத்திரிகை. நான் போட்டது. 'தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து சிரப்பித்துத் தருமாறு' என்று இருந்த வரியில், 'ர'வைச் சுழிச்சு, ஓரத்துக்குக் கோடு இழுத்து, 'ற' என்று எழுதியிருந்தார். சிவப்பு மை. பத்திரிகை வந்த அன்னிக்கே போட்டிருப்பார் போல, மடிப்பெல்லாம் நைஞ்சு போயிருந்துது.

"அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு புரூஃப் காட்டியிருக்கலாம்ல?"

அவ்வளவுதான் கேட்டார்.

அடுத்த மாசம் சித்தி பேரனுக்குக் காதுகுத்து. பத்திரிகை நான்தான் போடறேன். நேத்து ராத்திரி முடிச்சு, பிரிண்ட் எடுத்து, ஒரு சிவப்புப் பேனாவோட அப்பா மேஜையில வைச்சுட்டு வந்தேன். காலையில பார்த்தா மூணு இடத்துல சுழிச்சிருக்கார்.